படிப்பும் அல்ல, சுற்றுலாவும் அல்ல: இளம் பத்திரிகையாளர்களுக்கு வெளிநாட்டு ஃபெலோஷிப்

வணக்கம். ரிப்போர்ட்டராகச் சேர்ந்து மூன்று நான்கு வருடம் ஆனவர்களுக்கு ஒரு ஆசை எட்டிப்பார்க்கும்: வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் கொஞ்ச நாள் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டும். செலவை யாராவது ஏற்பார்களா? ஃபெலோஷிப் என்ற திட்டங்களில் ஏற்கிறார்கள். ஆனால் அது பட்டப்படிப்பும் அல்ல, சுற்றுலாவும் அல்ல.

[திரையில்: வாஷிங்டன்]

ஆல்ஃபிரட் ஃப்ரெண்ட்லி, 1955 முதல் 1965 வரை வாஷிங்டன் போஸ்ட் நாளிதழின் நிர்வாக ஆசிரியர். அந்த நாற்காலியை விட்டு இறங்கி மறுபடி வெளிநாட்டு நிருபராகப் போனார். 1967 அரபு-இஸ்ரேல் போரை எழுதி, அடுத்த ஆண்டு அமெரிக்காவின் பெரிய இதழியல் விருதான புலிட்சர் வாங்கினார். (பெரிய நாற்காலியை விட்டுக் களத்துக்குப் போகும் ஆசிரியர்களை நம் ஊரில் தேடித்தான் பார்க்க வேண்டும்.) வளரும் நாடுகளின் இளம் பத்திரிகையாளர்களை அமெரிக்கப் பத்திரிகைகளில் வேலை பார்க்க வைக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. 1983-ல் அவர் இறந்தார். அவர் பெயரிலான ஃபெலோஷிப் இன்றும் நடக்கிறது.

அதற்குத் தகுதி: 25 முதல் 35 வயது, குறைந்தது மூன்று வருட அனுபவம். முதலில் மிசூரி பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளியில் பயிற்சி. 1908-ல் தொடங்கிய பழைய பள்ளி அது. அப்புறம் ஏதாவது ஒரு பத்திரிகையில் பல மாதங்கள், மற்ற ரிப்போர்ட்டர்களைப் போலவே வேலை. பைலைனும் (செய்தியில் உங்கள் பெயர்) கிடைக்கும், எடிட்டரிடம் திட்டும் கிடைக்கும். ஊர் திரும்பிச் சக ஊழியர்களுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று ஒரு திட்டமும் எழுதித் தர வேண்டும்.

இதோடு சேர்ந்தே டேனியல் பேர்ல் பெயரிலும் ஃபெலோஷிப் தந்திருக்கிறார்கள். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நிருபரான அவர் 2002-ல் பாகிஸ்தானில் கொல்லப்பட்டார். அவர் யூதர். அவர் பெயரில் வந்த முஸ்லிம் பத்திரிகையாளர்கள் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு யூதப் பத்திரிகையிலும் ஒரு வாரம் வேலை பார்த்தார்கள். பரிமாற்றம் என்றால் இதுதான் என்று தோன்றுகிறது.

1988-ல் தொடங்கிய ஆர்தர் பர்ன்ஸ் ஃபெலோஷிப், அமெரிக்க, ஜெர்மன் பத்திரிகையாளர்கள் இரண்டு மாதம் இடம் மாறிக்கொள்வது. நமக்குப் பொருந்தாது, தாண்டிப் போவோம்.

[திரையில்: நியூயார்க், ஐ.நா. கட்டடம்]

நமக்குப் பொருந்துவது டாக் ஹாமர்ஷோல்ட் நிதி. 1961-ல் விமான விபத்தில் இறந்த ஐ.நா. பொதுச்செயலாளர் பெயரில் நடப்பது. செப்டம்பரில் பொதுச்சபை கூடும்போது, வளரும் நாடுகளிலிருந்து ஒரு சிலரை மட்டும் நியூயார்க்குக்கு வரவழைப்பார்கள். இதற்கும் 25 முதல் 35 வயதுதான். பயணம், தங்குமிடம், தினப்படி எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒரு நுணுக்கம்: முந்தைய ஆண்டு தேர்வான நாடுகளை அடுத்த ஆண்டு ஒதுக்கிவைப்பது அவர்கள் வழக்கம். விண்ணப்பத்தைத் திறக்கும் முன் போன வருடப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள்.

இங்கே வேறு பத்திரிகையில் போய் உட்கார்வதில்லை. ஐ.நா.விலிருந்து உங்கள் பத்திரிகைக்குத்தான் செய்தி அனுப்ப வேண்டும். அதனால் உங்கள் நிறுவனத்தின் சம்மதக் கடிதம் அவசியம். என்னைக் கேட்டால், பலர் சறுக்கும் இடம் இதுதான். மூன்றே பேர் இருக்கிற செய்திப் பிரிவிலிருந்து ஒருவரை மூன்று மாதம் அனுப்ப எந்த எடிட்டருக்கு மனசு வரும்? அவரிடம் "கற்றுக்கொள்ளப் போகிறேன்" என்று நிற்காதீர்கள். பருவநிலைப் பேச்சுவார்த்தையில் நம் கடற்கரையைத் தொடும் செய்தி இன்னின்னது, வாரம் இத்தனை அனுப்புவேன் என்று எழுதிக்கொண்டு போங்கள். அதே தாள் விண்ணப்பக் கட்டுரைக்கும் அடித்தளமாகும்.

சரி, தமிழில் எழுதுகிறவர்கள் என்ன செய்வது? தேர்வுக் குழு ஆங்கிலத்தில்தான் படிக்கும். பத்துச் செய்திகளை அள்ளிப் போடாமல், நீங்களே களத்துக்குப் போய், ஆவணம் எடுத்து எழுதிய இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து மொழிபெயர்த்து வையுங்கள். அதை இப்போதே செய்யலாம். அறிவிப்பு வந்த பிறகு உட்கார்ந்தால், கடைசி நாள் இரவில் அவசரமாக மொழிபெயர்த்ததுதான் போய்ச் சேரும்.