நான்கு கவர்னர்களைத் தந்த மார்பிள் குவாரி

வணக்கம் மக்களே. காற்று கொஞ்சம் பலமாக அடிக்கிறது, குரல் தேய்ந்து கேட்டால் ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிராக்டர் என்ற சின்ன ஊரில், ஆட்டர் கிரீக் என்ற ஆற்றுக்கு மேலே ஒரு பாலத்தில் நிற்கிறேன். கேமராவைக் கீழே இறக்குகிறேன், பாருங்கள். இந்தக் கைப்பிடிச் சுவர் முழுக்க மார்பிள். இங்கே நடைபாதையில்கூட மார்பிள் பாளம் போட்டிருக்கிறார்கள். நம் வீட்டில் பூஜை அறைக்கு நாலு சதுர அடி போடவே யோசிப்போம், இவர்கள் அதன்மேல் செருப்போடு நடக்கிறார்கள்!

இதற்கெல்லாம் காரணம் ஒரே குடும்பம். ரெட்ஃபீல்ட் பிராக்டர் என்று ஒரு வக்கீல். உள்நாட்டுப் போரில் கர்னலாக இருந்துவிட்டு வந்தவர். இந்த அருவிக்குப் பக்கத்தில் கடனில் தத்தளித்த ஒரு மார்பிள் கம்பெனியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, 1869 வாக்கில் நீதிமன்றம் அவரிடம் ஒப்படைத்தது. மூழ்கிய கம்பெனியைக் கணக்குத் தீர்த்து மூட வந்தவர் அதையே பிடித்துக்கொண்டார். 1880-இல் பக்கத்துக் கம்பெனி ஒன்றையும் சேர்த்து வெர்மான்ட் மார்பிள் கம்பெனி ஆக்கினார். 1886-இல் ஊரையே தனியாகப் பிரித்துத் தன் பெயரை வைத்தாயிற்று. அவர் கவர்னர், அவருடைய இரண்டு மகன்களும் கவர்னர்கள், 1945-இல் பேரனும் கவர்னர். இந்தப் பாலமே அதில் ஒரு மகனின் நினைவாக 1915-இல் கட்டியதுதான்.

சரி, கல்லை எப்படி வெட்டினார்கள்? எனக்குப் பிடித்த பகுதி இதுதான். கிரானைட் மாதிரி இதற்கு வெடி வைக்க முடியாது, வைத்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே ஓடி மொத்தக் கல்லும் வீண். அதனால் ஆரம்பத்தில் ஆட்கள் வரிசையாக நின்று உளியால் கொத்திக் கொத்திப் பள்ளம் எடுப்பார்கள். 1860-களில் வார்ட்வெல் என்பவர் நீராவியில் ஓடும் ஒரு இயந்திரம் செய்தார். தண்டவாளத்தின்மேல் முன்னும் பின்னும் போகும், பக்கத்தில் உளிகள் கட்டாக மேலும் கீழும் குத்திக்கொண்டே வரும், கல்லில் ஒரு ஒல்லியான கோடு ஆழமாக இறங்கும். நாலு பக்கமும் கோடு போட்டாலும் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டுதானே இருக்கும்? அடியில் வரிசையாகத் துளை போட்டு, ஆப்பு இறக்கி, ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போவார்கள். ஒரு கட்டத்தில் கல் தானாக விடும். அப்புறம் கிரேனில் தூக்குவது.

அதற்குப் பிறகு ரம்பம். பல்லே இல்லாத ரம்பம்! வெறும் இரும்புப் பட்டைகள், மேலேயிருந்து மணலும் தண்ணீரும் கொட்டிக்கொண்டே இருக்கும், அறுப்பது உண்மையில் மணல்தான். ஒரு மணி நேரத்துக்கு விரல் அளவுதான் இறங்கும் என்பதால் ராத்திரி பகலாக ஓட்டுவார்கள். அதை ஓட்டியது இதோ இந்தத் தண்ணீர். சத்தம் கேட்கிறதா? ரயில் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று சொந்தமாக ஒரு குட்டி ரயில் பாதையும் போட்டுக்கொண்டார்கள்.

கல், தண்ணீர், ரயில், தொழிலாளி குடியிருக்கும் வீடு, மளிகைக் கடை, ஆஸ்பத்திரி, எல்லாம் கம்பெனி கையில். நல்லது இல்லாமல் இல்லை. 1895-இல் ஏடா மேயோ ஸ்டுவர்ட் என்ற நர்ஸை வேலைக்கு வைத்தார்கள். சைக்கிளில் வீடு வீடாகப் போய்த் தொழிலாளர் குடும்பங்களைப் பார்த்துக்கொண்டவர், அமெரிக்காவின் முதல் தொழிற்சாலை நர்ஸ் என்று அவரைத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் வீட்டுக்காரரும் முதலாளியும் ஒரே ஆளாக இருந்தால் சண்டை வரும்போது என்ன ஆகும்? 1935 கடைசியில் அது தெரிந்தது. வாடகையும் மற்றதும் பிடித்தது போக சம்பளக் கவரில் மிஞ்சுவது சில்லறைதான் என்று தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள், குளிர்காலம் முழுக்க இழுத்து அடுத்த வருஷம்தான் முடிந்தது. அதே 1935-இல்தான் வாஷிங்டனில் புது உச்ச நீதிமன்றக் கட்டடம் திறந்தது, வெளிச்சுவர் வெர்மான்ட் மார்பிள். அதைப் படித்ததிலிருந்து அந்தக் கட்டடத்தின் போட்டோவை முன்பு பார்த்த மாதிரி என்னால் பார்க்க முடியவில்லை.

ஒரு கிசுகிசு சொல்லாமல் விட முடியாது. 1898-இல் பெரிய பிராக்டர் செனட்டர். அப்போது ஸ்பெயின் ஆட்சியில் இருந்த கியூபாவுக்குப் போய்விட்டு வந்து அங்கே மக்கள் படும் பாட்டைப் பற்றிப் பேசினார், ஸ்பெயினோடு போர் வேண்டும் என்ற மனநிலையை அந்தப் பேச்சு ஏற்றிவிட்டது. அப்போது சபாநாயகராக இருந்த தாமஸ் ரீட் என்ன சொன்னாராம் தெரியுமா? அவர் அப்படித்தான் பேசுவார், போர் வந்தால் கல்லறைக் கல் நன்றாக விற்குமே என்று! குசும்புதான், ஆனால் கல்லறைக் கல் இந்தக் கம்பெனியின் பெரிய வியாபாரம் என்பது பொய்யில்லை.

வாஷிங்டன் பக்கத்தில் ஆர்லிங்டன் ராணுவக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கும் அடையாளம் தெரியாத வீரரின் கல்லறைக்கும் கல் கொடுத்தது இவர்கள்தான். அந்தக் கல் கொலராடோவில் இவர்களுக்கு இருந்த இன்னொரு குவாரியிலிருந்து 1931-இல் வந்தது, வெட்டி எடுத்தபோது 56 டன். அதை ரயிலில் ஏற்றி, பாதி நாட்டைக் கடந்து வெர்மான்ட் கொண்டுவந்து அளவுக்கு வெட்டி அனுப்பினார்கள். பிற்பாடு அதில் விரிசல் விட்டது வேறு கதை.

இப்போது இதைப் பாருங்கள். ஆற்றோரம் கிடந்த துண்டு. கத்தியால் சுரண்டுகிறேன்... வெள்ளைப் பொடி வருகிறதா? அதன்மேல் வினிகர் ஒரு சொட்டு. கிட்டே காட்டுகிறேன், நுரைக்கிறது! மார்பிள் என்பது பூமிக்குள் வெந்து இறுகிய சுண்ணாம்புக்கல்தான், கால்சியம் கார்பனேட். கடைசியில் பணம் இந்தப் பொடியில்தான் இருந்தது. 1976-இல் கம்பெனியை வாங்கியது ஓம்யா, பளபளப்பான பாளத்துக்காக அல்ல, அரைத்துக் காகிதத்திலும் பெயின்ட்டிலும் சேர்க்க. கல்லாக வெட்டுவதும் நிற்கவில்லை, இதே வெர்மான்ட்டில் டான்பி என்ற ஊரில் மலைக்கு உள்ளேயே குடைந்து இன்னும் எடுக்கிறார்கள், இப்போது வேறு கம்பெனி.

உங்கள் பற்பசை டியூபின் பின்பக்கம் கால்சியம் கார்பனேட் என்று போட்டிருக்கிறதா, பார்த்துவிட்டுக் கமெண்டில் சொல்லுங்கள். தூறல் விழுகிறது, கேமராவை மூடுகிறேன்.