வாயாடியும் வாய் திறவாதவனும்

அவையோருக்கு வணக்கம்.

திருகோணமலை வாசகர்களுக்கு ஒரு நகைச்சுவை நாவலைப் பரிந்துரைக்கச் சொன்னார்கள். நான் நான்கைக் கொண்டுவந்திருக்கிறேன். எல்லாம் ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் பி. ஜி. வுட்ஹவுஸ் எழுதியவை. அவர் பெயரைக் கேட்டதும் அவர் கதைகளில் வரும் பணியாள் ஜீவ்ஸ்தான் பலருக்கு ஞாபகம் வருவார். சரி, அவர் ஒரு பக்கம் இருக்கட்டும். அவருக்கும் முன்பே வுட்ஹவுஸின் கையில் பிறந்த இரண்டு பெடியன்களைப் பற்றித்தான் இன்றைய பேச்சு. ஒருவன் மைக் ஜாக்சன் (பாடகர் அல்ல). மற்றவன் ஸ்மித்.

மைக்குக்குத் துடுப்பு மட்டையைக் கொடுத்தால் போதும், பேச்சு வராது. ஸ்மித் ஒற்றைக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, எதிர்ப்பட்டவரையெல்லாம் 'தோழர்' என்று கூப்பிட்டு, மூச்சு விடாமல் பேசுகிறவன். உலகத்தில் ஸ்மித்கள் மலிந்துவிட்டார்கள் என்று, பெயருக்கு முன்னால் ஓர் ஆங்கிலப் 'பி'யைத் தானே ஒட்டிக்கொண்டவன். அதை யாரும் உச்சரிக்கவும் கூடாது!

1909இல் வந்த 'மைக்' நாவலின் பிற்பாதியில் இருவரும் சந்திக்கிறார்கள். பழைய பள்ளியிலிருந்து விருப்பமில்லாமல் ஒரு சின்னப் பள்ளிக்கு மாற்றப்பட்டவர்கள் இருவரும். அங்கே ஓர் ஆசிரியரின் நாய்க்கு யாரோ சிவப்புப் பெயின்ட் பூசிவிட, சந்தேகம் மைக் மேல் விழுகிறது. ஸ்மித் நேரே தலைமையாசிரியரிடம் போய், "நான்தான் செய்தேன்" என்கிறான். அவன் செய்யவில்லை. மைக்கும் செய்யவில்லை என்பது அவனுக்குத் தெரியாது.

இந்த வரிசையை நான் தூக்கிப் பிடிப்பதற்குக் காரணம் இதுதான். சூரியனுக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிற ஸ்மித், மைக் மேல் தனக்குள்ள அன்பைப் பற்றி மட்டும் உருகிப் பேசுவதில்லை. மைக்குக்கோ பேச்சே வராது. அன்பெல்லாம் காரியத்தில்தான். அதற்கு மேலே வாய்ச்சவடாலைப் போட்டு மூடிவிடுவான் ஸ்மித். நாம் அந்தச் சவடாலுக்குச் சிரித்துக்கொண்டே போவோம்.

1910இல் வந்த 'ஸ்மித் இன் த சிட்டி' தான் எனக்குப் பிடித்தது. வுட்ஹவுஸ் 1900 முதல் 1902 வரை இலண்டனில் ஹொங்கொங் அன்ட் ஷாங்காய் வங்கியில் எழுதுவினைஞராக இருந்தவர். அங்கே வேலை பழகிய பெடியன்களைக் கிழக்கே கப்பலேற்றிவிடுவார்கள். கொழும்பிலும் 1892 முதல் அந்த வங்கிக்குக் கிளை இருந்தது. வுட்ஹவுஸ் விலகாமல் இருந்திருந்தால், நம் நாட்டிலேயே கணக்குப் பேரேடு எழுதியிருக்கவும்கூடும். நல்லகாலம், எழுத்தை நம்பி வெளியேறிவிட்டார்.

தகப்பன் பணத்தை இழந்ததால் பல்கலைக்கழகக் கனவை விட்டு வங்கிக்குப் போகிறான் மைக். உத்தியோகமே வாழ்க்கை என்று வளர்ந்த நம்மவர்களுக்கு அந்த அத்தியாயங்களை விளக்கத் தேவையில்லை. வேலையே தேவைப்படாத பணக்கார ஸ்மித்தும் அங்கே வந்து சேர்கிறான். மைக்கைத் தன் வீட்டில் தங்கவைக்கிறான். பிரிவுத் தலைவர் ரொசிட்டர் மான்செஸ்டர் யுனைடெட் பைத்தியம் என்று தெரிந்ததும், உதைபந்தாட்டத்தைப் படித்துக்கொண்டு வந்து பேசியே அவரை வளைத்துப்போடுகிறான்.

முகாமையாளர் பிக்கர்ஸ்டைக் மட்டும் வளையாதவர். மைக் 98 ஓட்டங்களில் நிற்கும்போது பந்துவீச்சாளரின் கைக்குப் பின்னால் நடந்துபோய், கவனத்தைக் கலைத்து, அவனை ஆட்டமிழக்கச் செய்தவர் அவர். நம்ம மெக்கெய்சர் விளையாட்டரங்கில் அப்படி ஒருவர் நடந்திருந்தால் வீடு போய்ச் சேர்ந்திருப்பாரா? இவரைத்தான் ஸ்மித் மரியாதை குறையாமல், அவருடைய கிளப் வரைக்கும் பின்தொடர்ந்து வதைக்கிறான்.

மூன்றாவது நாவல் நியூயோர்க்கில் நடக்கிறது. பத்திரிகை, சேரி வீடுகள், ரவுடிகள் என்று விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் மைக் துடுப்பாட்டப் பயணத்தில் போய்விடுவான். அவன் இல்லாமல் ஸ்மித்தின் பேச்சு எனக்குக் கொஞ்சம் வெறுமையாகத்தான் படுகிறது.

1923இல் 'லீவ் இட் டு ஸ்மித்'. ஸ்மித்தின் தகப்பன் இறந்து, சொத்தும் போய்விட்டது. மாமா வைத்த மீன் வியாபார வேலையைப் பொறுக்கமுடியாமல் விட்டுவிட்டு, எந்த வேலையும் செய்வேன், மீனோடு மட்டும் தொடர்பிருக்கக் கூடாது என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுக்கிறான். திருகோணமலையில் கொடுத்திருந்தால் பட்டினிதான்! மைக் இதற்குள் மணமுடித்தவன். பண்ணை வாங்க அவனுக்கு மூவாயிரம் பவுண் வேண்டும். அவனுக்காக ஸ்மித் வைர மாலை ஒன்றைத் திருடுகிற வேலையை ஏற்று, கவிஞன் வேடத்தில் ஒரு பிரபுவின் மாளிகைக்குள் நுழைகிறான். மற்றதை நீங்களே படியுங்கள்.

தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு யோசனை. இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள், பிறகு முதலாவதின் பிற்பாதி. அது 'மைக் அன்ட் ஸ்மித்' என்று தனிப் புத்தகமாகவும் 1953இல் வந்தது. அடுத்து நான்காவது. நியூயோர்க்கை மாரிமழைக்கு வைத்திருங்கள். பழைய புத்தகங்களை இலவசமாகத் தருகிற குட்டன்பெர்க் இணையத்தளத்தில் இவை கிடைக்கின்றன, கைபேசியிலேயே வாசிக்கலாம். துடுப்பாட்டம் பிடிக்காதவர்கள் அந்தப் பக்கங்களைத் தாண்டிப் போகலாம், நான் கோபிக்கமாட்டேன். பிக்கர்ஸ்டைக் நடந்துபோகிற அந்தப் பக்கத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.