ஒன்பது மணி பிளைட்டுக்கு ராத்திரி ரெண்டு மணி

நேயர்களுக்கு வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வேன் ஓட்டுகிறவன் நான். தோட்டத்து ஆட்களை விமான நிலையத்தில் கொண்டுபோய் விடுவதும் திரும்பக் கூட்டி வருவதும்தான் பிழைப்பு. கோலாலம்பூருக்கும் திருச்சிக்கும் என்ன தூரம், எவ்வளவு நேரம் என்று பேசச் சொன்னார்கள்.

ஆகாய வழியில் ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர். நாலு மணி நேரம். கேட்டதற்குப் பதில் சொல்லியாயிற்று.

ஆனால் டிக்கெட்டைப் பார்த்தால் கணக்கு இடிக்கும். போன மாதம் சாலையோர ஒட்டுக்கடையில் ஒரு பெரியவர் தாளை நீட்டினார். "தம்பி, காலையில ஒம்பதுக்கு ஏறி பத்தரைக்கு இறங்குறேன். ஒன்றரை மணி நேரந்தானா?" அங்கே இறங்கியதும் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும் என்றேன். "அப்ப வரும்போது?" வரும்போது அதையெல்லாம் வட்டியோடு வாங்கிக்கொள்வார்கள்: ராத்திரி பன்னிரண்டுக்கு ஏறினால் இங்கே காலை ஆறரை. 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னே நகர்த்தினார்களே, அதற்கு முன் இந்த வித்தியாசம் சரியாக இரண்டு மணி நேரம்தான்.

இனி என் பாடு. சுங்கை சிப்புட்டிலிருந்து சிப்பாங்கில் இருக்கும் கோலாலம்பூர் விமான நிலையம் முந்நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நடுவில் தேத்தண்ணிக்கு நிறுத்தினால் நாலு மணி நேரம். அதாவது, வங்காள விரிகுடாவைத் தாண்டுகிற நேரம் எனக்கு நெடுஞ்சாலையிலேயே போய்விடுகிறது. ஒரு தடவை மூன்று மணிக்குக் கிளம்பினால் போதும் என்று நினைத்துவிட்டேன். தஞ்சோங் மாலிம் பக்கம் ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தது. போய்ச் சேர்ந்தபோது கவுண்டர் மூடிப் பத்து நிமிடம். வேனில் வந்த அம்மா, தன் அப்பாவின் காரியத்துக்குப் போக வேண்டியவர். மடியில் கோடாலித் தைலமும் மைலோ டின்னும் வைத்த பையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். தப்பு என்னுடையது. அன்றிலிருந்து ஒன்பது மணி பிளைட்டுக்கு ராத்திரி இரண்டு மணிதான், பேரம் கிடையாது.

அந்தப் பக்கமும் பயணம் இருக்கிறது. பெட்டி எடுத்து வெளியே வர ஒரு மணி நேரம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம் என்றால் இன்னும் ஒன்றரை. வீட்டுப் படியேறும்போது நம் கடிகாரத்தில் பிற்பகல் மூன்றரை. மொத்தம் பதின்மூன்றரை மணி நேரம்.

என் பாட்டி இதைக் கேட்டால் சிரித்திருப்பார். அவர் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியவர். ஏறக்குறைய ஒரு வாரம் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து, பினாங்கு தெரிந்த பிறகும் இறங்க விடாமல் ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைத்தார்களாம். கரை கண்ணுக்குத் தெரிந்தும் போக முடியாத அந்த நாட்களைத்தான் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். கடலைப் பற்றிப் பேசியதே குறைவு.

வருகிற வெள்ளிக்கிழமை ஒரு குடும்பத்தை ஏற்ற வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தால் உங்களுக்குத்தான்: லயத்து வீடுகளில் எல்லாரும் தூங்குவார்கள், ஹாரன் அடிக்க மாட்டேன். வாசல் விளக்கைப் போட்டு வையுங்கள். பெட்டியை இன்றைக்கே நிறுத்துப் பாருங்கள்.