டைப் செட்டின் 47-ஆம் பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

நீதிமன்றச் செய்தியாளனாகப் பல வருடம் பின்வரிசையில் நின்று குறிப்பெடுத்தவன் நான். அதில் ஒரு நாள் இன்னும் மனதில் உறுத்துகிறது. நில எடுப்பு வழக்கு. வக்கீல் எழுந்து, "மை லார்ட், டைப் செட்டில் 47-ஆம் பக்கம்" என்றார். வழக்கின் ஆவணங்களைத் தொகுத்து வக்கீல் தாக்கல் செய்யும் தாள்கட்டுதான் டைப் செட். நீதிபதி அந்தக் கட்டைப் புரட்டினார், எதிர்த்தரப்பும் புரட்டியது. கொஞ்ச நேரம் தாள் சத்தம் மட்டும்தான். பிறகு நீதிபதி நிமிர்ந்து, "இதற்கு என்ன பதில்?" என்று அரசு வக்கீலைக் கேட்டார். அப்புறம் காரசாரமான வாதம். என் நோட்டில் இருந்ததோ 'பக்கம் 47', அவ்வளவுதான்.

வராந்தாவில் வக்கீல் குமாஸ்தாவைப் பிடித்து, அந்தப் பக்கத்தைக் கேட்டேன். "சாரைக் கேட்காமல் தர முடியாதுங்க" என்றார். அவர்மேல் தப்பில்லை. நிலம் பறிபோகும் ஊர்க்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு, "உள்ளே என்ன சார் பேசினாங்க?" என்று கேட்டார்கள். கதவு திறந்திருந்த நீதிமன்றத்தில் முழு நேரமும் நின்ற எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

குற்றவியல் விசாரணை திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்க வேண்டும் என்பது சட்டம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 327-ஆம் பிரிவு அதைச் சொன்னது. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அது 366. 2021-இல் தேர்தல் ஆணையத்தைப் பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் வாய்மொழியாகச் சொன்ன கடுமையான வார்த்தைகள் நாடு முழுக்கச் செய்தியாயின. நீதிபதிகள் வாய்மொழியாகச் சொல்வதைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாதென்று ஆணையம் உச்ச நீதிமன்றம் போனது. அந்தத் தடையைத் தர நீதிமன்றம் மறுத்தது. நல்ல தீர்ப்பு.

ஆனால் அது பேசப்பட்டதற்குத்தான். இன்றைய வழக்கில் பாதிக்கு மேல் தாளில்தான் நடக்கிறது. அந்தத் தாள்?

குஜராத் உயர் நீதிமன்ற விதிப்படி, வழக்கில் சம்பந்தப்படாதவர் நகல் கேட்டால், ஏன் கேட்கிறார் என்று பிரமாணப் பத்திரம் தர வேண்டும். தகவல் உரிமைச் சட்டம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. நீதிமன்ற விதியைத்தான் பின்பற்ற வேண்டும் என்று 2020 மார்ச்சில் தீர்ப்பு வந்தது. 2023 ஜனவரியில் இன்னொரு தீர்ப்பு: குற்றப்பத்திரிகை பொது ஆவணம் அல்ல, அதை இணையத்தில் போட உத்தரவிட முடியாது. எஃப்.ஐ.ஆர். விஷயத்தில் மட்டும், பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற வழக்குகள் போக மற்றதை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்றச் சொல்லி 2016-இலேயே உத்தரவு இருக்கிறது. புகார் வெளியே தெரிகிறது; போலீஸ் விசாரித்து என்ன கண்டது என்பது தெரியாது. பாதிக்கதைதான் எப்போதும் ஊர் வாயில் அடிபடும்.

இங்கிலாந்தில் இதே சண்டை 2012-இல் வந்தது. நைஜீரிய லஞ்ச விவகாரத்தில் இருவரை அமெரிக்காவுக்கு நாடு கடத்தும் வழக்கு. விசாரணை பகிரங்கமாகத்தான் நடந்தது. நீதிபதி படித்த ஆவணங்களைக் கார்டியன் பத்திரிகை கேட்டது. கீழ் நீதிமன்றங்கள் இரண்டிலும் மறுத்துவிட்டார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி டூல்சன் அதை மாற்றினார். நீதிபதி முன் வைக்கப்பட்டு, விசாரணையில் குறிப்பிடப்பட்ட ஆவணத்தைப் பத்திரிகைக்காரர் தகுந்த நோக்கத்தோடு கேட்டால் தருவதுதான் வழக்கமாக இருக்க வேண்டும் என்றார். தந்தால் யாருக்காவது பெரிய தீங்கு நேருமா என்பதையும் கூடவே எடைபோட வேண்டும்.

அந்த எடைபோடல் அவசியம். பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் பெயரும், போக்சோ வழக்கில் குழந்தையின் பள்ளியும் ஊரும் வெளியே வரவே கூடாது. அதில் நான் எள்ளளவும் இறங்கி வர மாட்டேன். அந்த வரிகளை மறைத்துவிட்டு மீதியைத் தரலாமே.

என் கோரிக்கை சின்னது. திறந்த நீதிமன்றத்தில் பக்க எண் சொல்லி வாதாடப்பட்ட தாளை, அன்று மாலையே நகல் பிரிவில் கட்டணம் கட்டி வாங்க முடிய வேண்டும். எனக்கு ஏன் வேண்டும் என்று நான் பிரமாணப் பத்திரம் எழுதுவதற்குப் பதில், ஏன் தரக் கூடாது என்பதை மறுப்பவர் எழுதட்டும். அப்படி இருந்திருந்தால் அன்றைக்கு வராந்தாவில் அந்த ஊர்க்காரர்களை உட்கார வைத்து, 47-ஆம் பக்கத்தை நான் வாசித்துக் காட்டியிருப்பேன்.

வணக்கம்.