கடன் போன பாடவேளை

(அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றின் விளையாட்டு விழாவில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

தலைமை ஆசிரியர் அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, வெயிலில் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களே, வணக்கம். கொடியேற்றம், வரவேற்புரை, பொன்னாடை என்று முக்கால் மணி நேரம் போய்விட்டது. நூறு மீட்டர் இறுதி ஓட்டத்துக்குத் தேர்வான பிள்ளைகள் அந்தப் பக்கம் நின்று என்னை முறைக்கிறார்கள். நீட்ட மாட்டேன்.

இருபத்தெட்டு ஆண்டுகள் கழுத்தில் விசிலோடு திரிந்தவன் நான். வாழ்க்கையில் நான் அதிகமாகக் கடன் கொடுத்தது பாடவேளைகளைத்தான். கணக்கு ஆசிரியர் வந்து நிற்பார். "சார், பத்தாம் வகுப்புக்குப் பாடம் முடியவில்லை. இன்று ஒரு நாள் மட்டும்" என்பார். அந்த ஒரு நாள் ஜூலையில் தொடங்கி மார்ச்சில் முடியும். வாங்கியதில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. உதயநிதி ஸ்டாலின் விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்தபோது, விளையாட்டு வகுப்பைக் கடன் வாங்காதீர்கள் என்று ஆசிரியர்களை மேடையிலேயே கேட்டுக்கொண்டார். ஓர் அமைச்சர் வாய்விட்டுக் கேட்க வேண்டிய அளவுக்கு இருந்தது நம் வழக்கம்.

அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளைத் தமிழ்நாடு நடத்தியது. 38 தங்கத்தோடு இரண்டாம் இடத்தையும் பிடித்தது. முதலமைச்சர் கோப்பைக்கு மாவட்டந்தோறும் பிள்ளைகள் ஓடுகிறார்கள். 33 வகை விளையாட்டுப் பொருள்களை 12,525 ஊராட்சிகளுக்குக் கொடுக்கும் திட்டமும் வந்தது. எல்லாம் நல்லதுதான். கோப்பையையும் பந்தையும் படம் பிடித்துப் பத்திரிகையில் போடலாம். வாரத்தில் இரண்டு பாடவேளை ஒழுங்காக நடந்ததை யார் படம் பிடிப்பார்கள்?

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருக்கிறது. பள்ளிக்கு மைதானம் வேண்டும் என்கிறது. ஒவ்வொரு வகுப்புக்கும் விளையாட்டுப் பொருள்கள் வேண்டும் என்கிறது. சொல்லித்தர ஆள்? ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் ஒரு பகுதிநேரப் பயிற்றுநர். கணக்குக்கு இப்படி எழுதத் துணிவார்களா? அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் 2012இல் இங்கே உடற்கல்வி, ஓவியம், தொழிற்கல்வி மூன்றுக்கும் சேர்த்து 16,549 பேரை எடுத்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். சம்பளம் பிறகு கொஞ்சம் ஏறியது. நிரந்தரம் கேட்டு அவர்கள் போராட வேண்டியிருந்தது மட்டும் மாறவில்லை. தொடக்கப் பள்ளியில் உடற்கல்விக்கென்று பணியிடமே கிடையாது. நடக்கச் சொன்னாலும் ஓடுகிற வயது அது!

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம். புதுப் பந்துகள் வந்தன. கையெழுத்துப் போட்டு வாங்கினோம். தொலைந்தால் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டுமே என்று தலைமை ஆசிரியர் பீரோவில் வைத்துப் பூட்டினார். இரண்டு ஆண்டு கழித்துத் திறந்தால், கைப்பந்து காற்றிறங்கி அப்பளமாகக் கிடந்தது. கால்பந்தின் தையலை எலி கடித்திருந்தது. இருப்புப் பதிவேட்டில் மட்டும் எண்ணிக்கை அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தது. அந்த மனிதரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பந்து தேய்ந்துபோனதற்கு ஒருவரை விசாரிக்கும் ஊரில், பந்து தேயாமல் இருந்ததற்கு யாரும் விசாரிப்பதில்லை.

சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பனை உங்களுக்குத் தெரியும். ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கியது. பள்ளியில் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்த அந்தப் பையனை உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னவர் அவருடைய உடற்கல்வி ஆசிரியர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம். மூன்று பதக்கத்துக்கும் முன்னால், கால் ஊனமான ஒரு பையனை நிதானமாகப் பார்க்க ஓர் ஆசிரியருக்கு நேரம் இருந்தது. அன்று அவரைத் தலைமுடி வெட்டாத பையன்களைப் பிடிக்கவோ, பொதுத்தேர்வுக் கண்காணிப்புக்கோ அனுப்பியிருந்தால்?

பெண் பிள்ளைகளைப் பற்றி ஒன்று. ஒன்பதாம் வகுப்பில் கோ-கோ ஆடிய பிள்ளை பத்தாம் வகுப்பில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தோழிகளின் பைகளைக் காவல் காக்கும். துப்பட்டாவைக் குத்திக்கொண்டு எப்படி ஓடுவது? மாற்றிக்கொள்ள ஓர் அறை, தண்ணீர் வருகிற கழிப்பறை, ஒரு டி-சட்டை. இதற்குத் திட்டத்துக்குப் பெயர் சூட்டிக் காத்திருக்க வேண்டாம். மேலாண்மைக் குழு அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போட்டு முடிக்கலாம்.

தலைவி அம்மா, உங்களிடம் இன்னும் ஒன்று கேட்கிறேன். எல்லா வகுப்புகளின் விளையாட்டுப் பாடவேளைகளையும் எழுதிப் பள்ளி வாசலில் ஒட்டுங்கள். அந்த நேரத்தில் இந்தப் பக்கம் வருகிற பெற்றோர் மைதானத்தை ஒருமுறை எட்டிப் பார்க்கட்டும். காலியாக இருந்தால் உள்ளே வந்து கேட்கட்டும். இப்போது பந்து பீரோ சாவி யாரிடம் இருக்கிறது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள். நான் கீழே இறங்குகிறேன். ஓட்டம் தொடங்கட்டும்.