பரணில் கிடக்கும் பெயின்ட் டப்பாக்கள்: எதை உலர்த்தலாம், எதை உலர்த்தக் கூடாது?

[காட்சி: விரித்த செய்தித்தாளின் மேல் நான்கு பெயின்ட் டப்பாக்கள். ஒன்றில் பெயர்ச்சீட்டு இல்லை.]

வணக்கம். இந்த நான்கு டப்பாக்களும் எங்கள் வீட்டுப் பரணிலிருந்து இறக்கப்பட்டவை. சுவருக்குப் பூசியது போக மிஞ்சியதை "எதற்காவது உதவும்" என்று மூடி வைத்துவிடுகிறோம். பல ஆண்டுகள் கழித்து, இடம் போதவில்லை என்று இறக்கும்போதுதான் இதை எங்கே போடுவது என்ற கேள்வி வருகிறது. சாக்கடையில் ஊற்றலாமா, டப்பாவோடு குப்பையில் போடலாமா, குழி தோண்டிப் புதைக்கலாமா என்று கேட்டால், மூன்றுக்கும் விடை "கூடாது" என்பதே. என்ன செய்யலாம் என்பது மட்டும் டப்பாவுக்கு டப்பா மாறும். உள்ளே இருக்கும் பெயின்ட் எப்படிக் காய்கிறது என்று தெரிந்தால், அதை எப்படிக் கழிக்க வேண்டும் என்பதும் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

[காட்சி: இரண்டு கண்ணாடித் துண்டுகளில் இரண்டு வகைப் பெயின்ட் பூசப்படுகிறது.]

வீட்டில் புழங்கும் பெயின்டுகளை இரண்டு குடும்பங்களாகப் பிரிக்கலாம். உள்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் அடிக்கும் எமல்ஷன் நீரை அடிப்படையாகக் கொண்டது. அதில் அக்ரிலிக் போன்ற பிசினின் நுண்ணிய மணிகளும் நிறமித் துகள்களும் நீரில் மிதக்கின்றன; நீர் ஆவியாகும்போது அந்த மணிகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டி, மெல்லிய படலமாகிவிடுகின்றன. கதவு, ஜன்னல், கிரில் ஆகியவற்றுக்கு அடிக்கும் எனாமல் அப்படிப்பட்டதல்ல. அதில் தாவர எண்ணெயிலிருந்து செய்த பிசின், தின்னர் போன்ற கரைப்பானில் கரைந்திருக்கும். கரைப்பான் பறந்த பிறகும் அது முழுதாகக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு வேதிவினையால்தான் இறுகுகிறது, அந்த வினையில் வெப்பமும் வெளிப்படுகிறது. இந்த வெப்பத்தைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

பெயர்ச்சீட்டு கிழிந்துபோன டப்பாவில் என்ன இருக்கிறது என்று அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு குச்சியால் இரண்டு சொட்டு எடுத்து, பாதி தண்ணீர் உள்ள கண்ணாடிக் குவளையில் விட்டுக் கலக்கிப் பாருங்கள். தண்ணீர் பால் போல வெளுத்தோ நிறம் பரவியோ ஒரே சீராகக் கலந்தால் அது எமல்ஷன். கலக்காமல் திட்டுத்திட்டாக மிதந்து குவளையின் சுவரில் ஒட்டினால் அது எனாமல் குடும்பம்.

[காட்சி: முதல் டப்பாவின் மூடி நெம்பப்படுகிறது.]

முதல் டப்பாவில் எமல்ஷன். மேலே நீர் பிரிந்து நின்றாலும், அடியில் படிந்ததைக் குச்சியால் கிளறி ஐந்து நிமிடம் கலக்கியதும் பழைய பதத்துக்கு வந்துவிட்டது, துர்நாற்றமும் இல்லை. இப்படி நல்ல நிலையில் இருக்கும் பெயின்டைக் கழிவாக்குவதே வீண். பயன்படுத்தக்கூடியவரிடம் கொடுத்துவிடுங்கள், அல்லது ஒரே நிறக் குடும்பத்தைச் சேர்ந்த எமல்ஷன்களை ஒன்றாகக் கலந்து கொட்டகைச் சுவருக்கோ பிரைமருக்கு மேல் முதல் பூச்சுக்கோ பயன்படுத்துங்கள். எமல்ஷனை எனாமலோடு மட்டும் ஒருபோதும் கலக்காதீர்கள். எந்த வழியிலும் கழிக்க முடியாத ஒரு கலவைதான் மிஞ்சும்.

இரண்டாவது டப்பாவும் எமல்ஷன்தான், ஆனால் மூடியைத் திறந்ததுமே முகத்தைத் திருப்ப வைத்தது. டப்பாவுக்குள் நுண்ணுயிரிகள் வளராமல் தடுக்கப் பெயின்டில் ஒரு மருந்து சேர்த்திருப்பார்கள். அதன் வீரியம் தீர்ந்ததும் பாக்டீரியா பெருகி, அழுகிய முட்டையின் நாற்றம் வருகிறது. இனி இது சுவருக்கு ஆகாது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், டப்பாவுக்குள் கிருமியைத் தடுக்கும் அதே மருந்து, வடிகால் வழியே குளத்தையோ ஆற்றையோ அடைந்தால் அங்குள்ள நீர்வாழ் உயிர்களுக்கும் தீங்கு செய்யும். மழைநீர் வடிகாலில் விழுவது பல ஊர்களில் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் நேராக நீர்நிலைக்குப் போகிறது. செப்டிக் டேங்கில் ஊற்றினாலும், கழிவை மக்கச் செய்யும் பாக்டீரியாவை அது பாதிக்கும்.

[காட்சி: பழைய பிளாஸ்டிக் தாளின் மேல் பெயின்ட் மெல்லிதாக ஊற்றிப் பரப்பப்படுகிறது.]

எனவே எமல்ஷனை உலர்த்தித் திடமாக்க வேண்டும். மூடியைத் திறந்து வைத்தால் தானாகக் காய்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஒரு வாளியை மாதக்கணக்கில் மொட்டைமாடியில் வைத்திருந்தேன். பாலின் மேல் ஆடை படிவது போல மேலே ஒரு தோல் படிந்து, அடியில் இருக்கும் நீரை வெளியே விடாமல் அடைத்துக்கொண்டது. குச்சியால் குத்தியபோது உள்ளே எல்லாம் அப்படியே திரவமாக இருந்தது. ஆகவே அளவு குறைவாக இருந்தால் பழைய பிளாஸ்டிக் தாளின் மேல் மெல்லிதாகப் பரப்பி, மழை படாத, குழந்தைகளும் விலங்குகளும் நெருங்காத, காற்றோட்டமான இடத்தில் விடுங்கள். காய்ந்ததும் அது ரப்பர் போல முழுத் தகடாக உரிந்து வரும். அளவு அதிகமென்றால், அட்டைப்பெட்டிக்குள் பிளாஸ்டிக் தாள் விரித்து, உலர்ந்த மணலையோ மரத்தூளையோ பெயின்டோடு சம அளவில் கொட்டி, ஈரம் உறிஞ்சப்படும்வரை கிளற வேண்டும். கட்டையால் அழுத்தினால் ஒட்டாமலும் கசியாமலும் இருக்கும் நிலைக்கு வந்த பிறகு, உள்ளூர் விதி அனுமதிக்கும் இடங்களில் அதைச் சாதாரணக் குப்பையோடு சேர்க்கலாம். திரவமாகவே போட்டால், குப்பை வண்டியின் அழுத்தும் பொறியில் டப்பா நசுங்கித் தெருவெல்லாம் பெயின்ட் தெறிக்கும்.

காலியான உலோக டப்பாவை உட்புறம் காய்ந்த பிறகு மூடியைக் கழற்றியே போடுங்கள். எடுப்பவருக்கு உள்ளே ஈரம் இல்லை என்று பார்த்ததும் தெரியும். பிளாஸ்டிக் வாளி செடி வைக்க உதவும், ஆனால் எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் குடிநீருக்கோ தானியத்துக்கோ அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

[காட்சி: மூன்றாவது டப்பா. எனாமல் கறை படிந்த கந்தல் துணிக் குவியல்.]

மூன்றாவது டப்பாவில் அரை லிட்டர் எனாமல். இப்போது சொன்ன முறையை இதற்குச் செய்யக் கூடாது, குறிப்பாக மரத்தூள் கூடவே கூடாது. எண்ணெய்ப் பிசின் ஆக்சிஜனை இழுக்கும்போது வெப்பம் வெளியாகிறது என்று சொன்னேன் அல்லவா? கதவின் மேல் மெல்லிய பூச்சாக இருக்கும்போது அந்த வெப்பம் உடனுக்குடன் காற்றில் கலந்துவிடுகிறது. மரத்தூளிலோ சுருட்டி எறிந்த துணியிலோ ஊறியிருக்கும்போது, ஆக்சிஜன் நுழைய இழைகளுக்கு நடுவே போதிய இடம் இருக்கிறது, வெப்பம் வெளியேறத்தான் வழி இல்லை. சூடு ஏற ஏற வினையும் வேகமெடுத்து, தீக்குச்சியே இல்லாமல் சில மணி நேரத்தில் குவியல் புகையத் தொடங்கலாம். ஆளிவிதை எண்ணெய் கலந்த மரப்பூச்சுகளில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் 'ஒன் மெரிடியன் பிளாசா' என்ற 38 மாடிக் கட்டடத்தில் 1991 பிப்ரவரி 23 அன்று இரவு ஏற்பட்ட தீவிபத்துக்கு, 22-ஆம் மாடியில் மரவேலைக்குப் பிறகு விட்டுச்செல்லப்பட்ட, ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளே காரணம்; மூன்று தீயணைப்பு வீரர்கள் அதில் உயிரிழந்தார்கள். எனவே வேலை முடிந்ததும் அத்தகைய துணிகளைக் குவிக்காமல், கொடியில் துணி காயப்போடுவது போல ஒவ்வொன்றாக வெளியே விரித்து, விறைக்கும்வரை விடுங்கள். அதற்கு வசதி இல்லையென்றால் தண்ணீர் நிறைந்த உலோக டப்பாவில் முழுக்க மூழ்கவைத்து மூடி விடுங்கள்.

எனாமல், வார்னிஷ், தின்னர் எல்லாமே தீப்பற்றக்கூடிய அபாயக் கழிவுகள். அவற்றை உள்ளூராட்சியின் அபாயக் கழிவு சேகரிப்பு மையத்திடமோ, அதற்கென ஒதுக்கிய நாளில் வரும் வண்டியிடமோ ஒப்படைப்பதே முறை. அதுவரை மூடியை இறுக்கி, அடுப்பிலிருந்தும் வெயிலிலிருந்தும் விலக்கி வையுங்கள். பெயின்டைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்களிடமே ஒப்படைக்கும் சட்டத்தை அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2009-இல் இயற்றியது. தயாரித்தவரே திரும்பப் பெறும் இந்த ஏற்பாடுதான் வீட்டுக்காரருக்கு மிக எளிது என்பது என் எண்ணம்.

பிரஷ் கழுவிய தின்னரை வீசவே தேவையில்லை. மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் சில நாள் அசையாமல் வைத்தால் நிறமி அடியில் வண்டலாகப் படியும். மேலே தெளிந்ததை வடித்து மறுபடி பயன்படுத்தலாம், வண்டல் மட்டும் அபாயக் கழிவோடு போகட்டும். ஸ்ப்ரே பெயின்ட் குப்பிகளைக் குத்தித் துளைக்கவோ நெருப்பில் போடவோ வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் இருப்பது பெரும்பாலும் எரியும் வாயு.

[காட்சி: பெயர்ச்சீட்டு இல்லாத நான்காவது டப்பா.]

இந்த நான்காவது டப்பா எங்களுக்கு முன்பு இந்த வீட்டில் இருந்தவர்கள் விட்டுச் சென்றது. குவளைச் சோதனையில் மஞ்சள் நிறம் திட்டுத்திட்டாக மிதந்ததால் எனாமல் என்று தெரிந்துவிட்டது, வயது மட்டும் தெரியவில்லை. பழைய எனாமல்களில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு நிறங்களில், ஈயச் சேர்மங்கள் இருந்திருக்க வாய்ப்பு உண்டு. அமெரிக்கா 1978-இல் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடை செய்தது. பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்பது இன்று பல நாடுகள் ஏற்றுக்கொண்ட வரம்பு. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால், வயது தெரியாத பெயின்டைப் பூசவும் கூடாது, பிறருக்குக் கொடுக்கவும் கூடாது. டப்பாவின் மேல் "பழைய எனாமல், ஈயம் இருக்கலாம்" என்று எழுதி, மூன்றாவது டப்பாவோடு சேர்த்துச் சேகரிப்பு நாளுக்காக வைத்திருக்கிறோம்.

[காட்சி: அளவுநாடாவும் ஒரு தாளும்.]

அடுத்த முறை மிச்சமே வராமல் பார்த்துக்கொள்ள ஒரு கணக்கு. 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள அறையின் சுவர்ப் பரப்பு 42 சதுர மீட்டர். கதவுக்கும் ஜன்னலுக்கும் 4 கழித்தால் 38. இரண்டு பூச்சுக்கு 76. ஒரு லிட்டர் எமல்ஷன் ஒரு பூச்சில் ஏறத்தாழ 10 சதுர மீட்டர் மூடும் என்று வைத்துக்கொண்டால் எட்டு லிட்டருக்குள் வேலை முடியும், பத்து லிட்டர் வாளி தேவையில்லை. மிஞ்சும் கொஞ்சத்தை, காற்றுக்கு இடம் விடாத அளவுக்குச் சிறிய டப்பாவில் ஊற்றி மூடி, எந்த அறை, எந்த நிறம், எந்த மாதம் என்று மூடியின் மேலேயே எழுதிவிடுங்கள். டப்பாவின் பக்கவாட்டில் எழுதினால், அடுத்த முறை பெயின்ட் வழிந்து மறைத்துவிடும்.