தாய் வைரஸையும் ஏன் படிக்க வேண்டும்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

தொண்டியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “உருமாறிய வைரஸை வரிசைப்படுத்தி, ஏற்கெனவே வெளியான மரபணு வரிசையோடு ஒப்பிட்டாலே மாற்றம் தெரிந்துவிடுமே, அப்புறம் எதுக்குண்ணே தாய் வைரஸையும் படிக்கச் சொல்றீங்க?” தாய் வைரஸ் என்றால் உருமாறுவதற்கு முன்பிருந்த மூல வைரஸ்; படிப்பது, வரிசைப்படுத்துவது என்றால் அதன் மரபணு எழுத்துகளை வரிசையாகக் கண்டறிவது. இரண்டு நாளாக இந்தக் கேள்விதான் மனசில் ஓடுகிறது, அவ்வளவு பிடித்துப்போனது.

தேவிபட்டினம் கரையில் ஒரு பெரியவர் கிழிந்த வலையைக் கட்டிக்கொண்டிருந்தார். “ராத்திரி எத்தனை இடத்துல கிழிஞ்சதுய்யா?” என்றேன். விரலால் தடவிக்கொண்டே போனார், “இது ஆடியில போனது, இது போன வாரம், இந்த மூணுதான் ராத்திரிது.” பழைய கட்டுகளில் நூலின் நிறமே வேறாக இருந்தது. அதே வலையைக் கடையில் இருக்கும் புது வலையோடு வைத்துப் பார்த்திருந்தால், அத்தனை கட்டையும் ராத்திரிக் கிழிசல் என்றே நான் எழுதியிருப்பேன். வெளியான வரிசை என்பது அந்தக் கடை வலை. தாய் வைரஸ், நேற்று மாலை கடலுக்குப் போன வலை.

இறாலைத் தாக்கும் வெள்ளைப்புள்ளி வைரஸ், நம் கரையோர இறால் பண்ணைக்காரர்கள் பயப்படுகிற அதுதான், அதையே எடுத்துக்கொள்ளுங்கள். தாய்லாந்து வைரஸின் வரிசை சுமார் 2,93,000 எழுத்து, தைவானுடையது சுமார் 3,07,000. தைவான் வைரஸில் இருக்கும் ஒரே துண்டு, 13,000 எழுத்துக்கும் மேல், தாய்லாந்து வைரஸில் கிடையாது. இப்போது உங்கள் வைரஸில் அந்தத் துண்டு இருந்து, நீங்கள் தாய்லாந்து வரிசையோடு ஒப்பிட்டால் என்ன ஆகும்? மரபணுவைப் படிக்கும் கருவி தருவது 150 எழுத்து அளவிலான துணுக்குகள், அந்தப் பகுதித் துணுக்குகள் எங்கேயும் பொருந்தாமல் ஒதுங்கிவிடும், அதற்குள் இருக்கும் மாற்றம் கண்ணிலேயே படாது. தாயையும் படித்திருந்தால் இரண்டுக்கும் பொதுவானதைத் தள்ளிவிட்டு, மிஞ்சும் நாலைந்தை மட்டும் பார்த்தால் போதும்.

சரி, உருமாறிய வைரஸின் புதுக் குணத்துக்கு அந்த நாலைந்தில் எது காரணம்? தம்பி இதைக் கேட்டிருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். அந்த ஒரு மாற்றத்தை மட்டும் தாய் வைரஸில் வைத்து, அதே குணம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். இறால் வைரஸில் இது ரொம்பக் கஷ்டம், வைரஸை வளர்க்க, ஆய்வகத்தில் தொடர்ந்து பெருகும் நிலையான இறால் செல்கள் கிடையாது, உயிருள்ள இறாலில்தான் செய்து பார்க்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் பின்னால் தாய் வைரஸ் கையில் இருக்க வேண்டும். அதனால்தான் தம்பி, சோதனை தொடங்குகிற அன்றைக்கே தாய் மாதிரியில் கொஞ்சம் எடுத்து, தேதி எழுதி, மைனஸ் 80 டிகிரி ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.